சௌம்யா சொன்ன ‘சரிங்க’

மண்டி மொஹல்லா, மைசூர்
12.5.1996

மதிப்பிற்குரிய காளியப்பன் மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை மகன் மனோஜ்குமார் வணக்கம். அத்தைக்கு முட்டி வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலமில்லை. மரியாதைக்காகப் பொய் எழுத வரவில்லை.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை ராமாபுரத்தில் ஜடையன் அவர்கள் வீட்டில் பெண் பார்த்தோமே, அங்கே எனக்கு ஷிஃப்ட் வேலை என்றேன், சௌம்யா “சரிங்க” என்றாள். ஒரே ரூம்தான், குழாயில் தண்ணீர் காலை ஐந்து மணிக்குத்தான் வரும் என்றேன், சரிங்க. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்றேன், அதற்கும் சரிங்க. இதை வைத்துக்கொண்டு நீங்கள் எல்லோரும் “பொண்ணுக்குச் சம்மதம்” என்று பாயசம் குடித்துவிட்டீர்கள். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

மாமா, அந்தச் சொல்லை நம்பலாமா? தமிழிலும் அது ‘சரி’தான், இங்கே கன்னடத்திலும் அதே ‘சரி’தான், இரண்டிலும் நம்ப முடியாது. வீட்டுக்கார ராணியம்மாவிடம் குழாய் ஒழுகுகிறது என்றால் “சரி சரி” என்பார், இடத்தைக் காலி பண்ணு என்று அர்த்தம். அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டு “சரி” என்றால் இரண்டு நாள் பேச்சே கிடையாது. டெலிபோனில் “சரி, அப்புறம்?” என்றால் போனை வை. “சரியான ஆளுய்யா நீ” என்பது பாராட்டே இல்லை. போன வருஷம் ஃபாக்டரியில் என்கூட வேலை செய்யும் மல்லப்பனிடம், “கரண்ட் பேனலுக்குள்ள கை வச்சிருக்கேன், ஸ்விட்ச் போடாதே” என்றேன். “சரி குரு” என்றான். போட்டான். ஏதோ சத்தம் காதில் விழுந்தது என்பதற்கு அவன் சொன்ன சரி அது. கை தப்பியது, புருவம் போய்விட்டது. அதிலிருந்து எங்கள் டிபார்ட்மெண்டில் ஒரு சட்டம்: சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் யாரும் எதையும் தொடக்கூடாது.

அந்தப் பழக்கத்தில்தான் அன்றைக்கு, “நான் சொன்னத ஒரு தடவ திருப்பிச் சொல்லுங்க” என்று சௌம்யாவிடம் கேட்டுவிட்டேன். போண்டாத் தட்டை நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் அம்மா லிங்கம்மா, “ஏனுங் தம்பி, பரிச்சை வைக்கறீங்களா?” என்றார்கள். நீங்கள் தொடையில் கிள்ளியது இன்னும் கன்றிக் கிடக்கிறது. சௌம்யா என்னை ஒரு பார்வை பார்த்து, “காப்பி எடுத்துட்டு வாரனுங்க” என்று உள்ளே போனாள். காப்பி வந்தது. அவள் வரவில்லை.

அப்பா ஜடையன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெண் வேறென்ன சொல்வாள்? பயந்து சொன்னதாக இருந்தால், வாழ்நாள் பூராவும் அதே பயத்தோடு என் முன்னால் நிற்பாளே? பேனலில் கை வைப்பதைவிட எனக்கு இது பயமாக இருக்கிறது. ஆகவே அவர் இல்லாத நேரம் பார்த்துப் போய் அவளிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். அதுவரை எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசி வேண்டும், கிள்ளல் வேண்டாம்.

இப்படிக்கு,
மனோஜ்குமார்

பி.கு.: கவரை ஒட்டும்போது வாசலில் ஜடையன் அவர்களும் சௌம்யாவும் நின்றார்கள். ரூமைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அவள்தான் அவரை பஸ் ஏற்றிக் கூட்டி வந்தாளாம். பையிலிருந்து டேப்பை எடுத்து, ஒரு முனையை என் கையில் கொடுத்து, சுவரை அளந்தாள். “உங்க கட்டிலத் தூக்கி வெளிய போடுங்க, பீரோ வரோணும்” என்றாள். பிளக்கைத் திருகிப் பார்த்து, “எலக்ட்ரீசியன் வூட்டுல எர்த் இல்லீங்களா? வெக்கமா இல்லீங்களா?” என்றாள். ஜடையன் அவர்கள் வாயே திறக்கவில்லை. அந்த வீட்டில் பயந்திருப்பது அவர்தான். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். பத்திரிகையை இன்றைக்கே அச்சுக்குக் கொடுங்கள், தாமதித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நான் எர்த் வயர் வாங்கக் கிளம்புகிறேன்.