சரோஜாவின் புடவை அடுக்கில் என் கோழி இறகுகள்

பட்டறையில் கெட்டிக்காரனாக இருப்பவன் வீட்டில் மடையனாக இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மாண்ட்ரியால் வந்து செயின்ட்-மிஷேலில் சொந்தமாக லேத் பட்டறை போட்டவன். என்னைச் சுற்றியிருந்த தமிழர்களெல்லாம் டாக்டர், புரொபசர். ஒரு ஸ்க்ரூவைத் திருகச் சொன்னால் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். அந்தத் திமிர் எனக்கு உண்டு. (இன்னும் இருக்கிறது.)

அறுபதுகளின் கடைசியில் நான் கூலிக்கு இருந்த பட்டறையில் மார்செல் என்றொரு ஃபோர்மேன். தூண்டிலுக்கு ஈ கட்ட அவன்தான் பழக்கினான். முள்ளில் கோழி இறகையும் முயல் முடியையும் வைத்து, நூலால் சுற்றி, நிஜப் பூச்சி என்று மீனை நம்பவைக்கும் வேலை. ஒரே குளிர்காலத்தில் அவனையே தாண்டிவிட்டேன். பிறகு சொந்தத் தொழில் வந்தது. சாமானெல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் போய், பேஸ்மென்ட்டில் வருஷக்கணக்காகத் தூங்கின.

ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் அதை எழுப்பியவர் என் சகலை. என் மனைவி சரோஜாவின் தங்கை புருஷன், ரொக்ஸ்பரோவில் டாக்டர்.

"சகலை, கோடைக்கு மீன் பிடிக்கப் போறேன். கடையில ஒரு டஜன் ஈ வாங்கி வெச்சுட்டேன்."

"கடை ஈயா? மீன் பார்த்தா சிரிக்கும். சித்திரை வருஷப்பிறப்புக்கு உங்க வீட்டுக்கு வர்றப்ப நான் கட்டி எடுத்துட்டு வர்றேன், பாருங்க!"

பெட்டியைத் திறந்தேன். நூல் இடியாப்பமாக அறுந்தது. வார்னிஷ் கல்லாகியிருந்தது. இறகுகளும் முயல் தோலும் மட்டும் பார்வைக்குத் தேவலை. ஆனால் எப்போதோ போட்ட அந்துருண்டை கரைந்துபோய், நாற்றம் மட்டும் மிச்சம். அந்த நாற்றத்தோடு ஈ கட்டினால் மீன் கிட்டே வருமா?

கம்பளிக் கோட்டு தொங்கும் இடமெல்லாம் உருண்டை போட்டிருந்த எங்கள் வீட்டில், அந்த வாடை இல்லாத இடம் ஒன்றுதான்: சரோஜாவின் பட்டுப்புடவை அடுக்கு. ஜரிகை கறுத்துவிடும் என்று அங்கே கிராம்பு முடிச்சு மட்டும் வைப்பாள். அவளுக்குத் தெரியாமல், எல்லாவற்றையும் பழைய வேட்டியில் சுற்றிப் புடவைகளுக்கு அடியில் செருகினேன். பனி உருகுவதற்குள் நாற்றம் போய்விடும். என்ன மூளை! எந்த டாக்டருக்கு வரும் இது?

வருஷப்பிறப்பு நெருங்கியது. டாக்டர் பெண்டாட்டிகளுக்கு நடுவே நிற்க சரோஜாவிடம் இருந்தது ஒரே காஞ்சிபுரம், எங்கள் கல்யாணக் கூறைப் புடவை. குளிர்காலம் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. கிளம்பும் நாளில் அடுக்கைத் திறந்தாள். சின்னச் சின்னதாய்ப் பொன்னிற அந்துப்பூச்சிகள் எழும்பிப் பறந்தன. புடவையை உதறி ஜன்னல் பக்கம் பிடித்தாள்.

"ஏங்க, இது வழியா எதிர் வீடு தெரியுதுங்க."

அடியில் என் வேட்டி மூட்டை. பிரித்தால் வெறும் இறகுத் தண்டுகள்! புழுக்கள் என் இறகைத் தின்று முடித்து, பந்தியில் அடுத்த இலைக்கு நகர்ந்திருந்தன. சரோஜா நைலக்ஸ் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு காரில் ஏறினாள்.

அங்கே வாசலிலேயே சகலை பிடித்துக்கொண்டார். "எங்க சகலை, உங்க ஈ?"

நான் தொண்டையைக் கனைப்பதற்குள் சரோஜா சொன்னாள்:

"பூச்சி செய்யறதுல அவரை அடிச்சுக்க ஆள் இல்ல மாப்பிள்ளை. ஒரு அலமாரி நெறைய செஞ்சிருக்கார். எல்லாம் உயிரோட பறக்குது. வேணும்னா வந்து பிடிச்சுக்குங்க."

கூடம் முழுக்கச் சிரித்தது. கோடையில் சகலை கடை ஈயில் பிடித்த மீன் இரண்டு எங்கள் வீட்டுக்கு வந்தன. (ருசியாக வேறு இருந்தன, சனியன்கள்.)

அன்றிலிருந்து என் கோட்டு, பேன்ட், சட்டை எல்லாவற்றின் பையிலும் சரோஜா அந்துருண்டை போடுகிறாள். "உங்ககிட்டதான் ஜரிகை இல்லையே, கறுக்காது" என்கிறாள். இன்றைக்கும் எந்தக் கல்யாண மண்டபத்திலும் பேரப்பிள்ளைகள் என்னைத் தேடுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூக்கைத் தூக்கி, நேராக என் மடியில் வந்து விழுகிறார்கள்.