செக்கிங் அண்ணாச்சியும் முடி கொட்ட வைத்த மல்லிகையும்

சங்கரன்கோவிலில் பொய் சொல்லப் பயப்படாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் உண்மையைச் சொல்லவே ஆட்கள் பயப்படுவார்கள். காரணம், செக்கிங் அண்ணாச்சி.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஆதார் அட்டைக்கும் கோவில் அர்ச்சனைக்கும் மட்டும்தான் பயன்படுகிறது. அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் பஸ் வேகம் குறைகிற திருப்பமாகப் பார்த்து, ஏதாவது ஒரு புளியமரத்துக்குப் பின்னாலிருந்து திடீரென்று தோன்றுவாராம். டிக்கெட் வைத்திருந்தவர்களே இன்னொரு தரம் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்களாம். ஓய்வு பெற்ற அன்று விசிலைத் திருப்பிக் கொடுத்தவர், சந்தேகத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பிறகு அவர் மகள் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தாள். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஆயிற்று.

வாட்ஸ்அப்பில் வருகிற ஒவ்வொரு செய்தியும் அவருக்கு ஒரு பயணி. அது எந்த ஸ்டாப்பில் ஏறியது, யார் ஏற்றிவிட்டார் என்று தெரியாமல் விடமாட்டார். எங்கள் தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் சாகுல் பாய்தான் தெரு குரூப்புக்கு அட்மின். ஒருநாள் காலையில் அவர் ஆவலை அடக்கமுடியாமல் ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, வாசுதேவநல்லூர்ல சிறுத்த எறங்கிட்டாம்லா!"

"உமக்கு யாரு அனுப்புனா?"

"மச்சான்."

"மச்சானுக்கு?"

"அவரு குரூப்புல வந்துச்சாம்."

"குரூப்புன்னா என்னவே, அது ஊரா, ஆளா? டிக்கெட் இல்லாத சரக்க டீக்கடையில எறக்காதீரும்."

சொன்னவர் டீயைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். ஓய்வுபெற்றவர்களுக்குக் கொடுக்கும் இலவச பாஸ் அவரிடம் இருந்தது. அந்தப் பாஸை அவர் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் பயன்படுத்தியதை நான் கண்டதில்லை. சாயங்காலம் குரூப்பில் அவருடைய குரல் ஒலித்தது: "நேர்ல பாத்தாச்சு. சிறுத்த இல்ல, செவல நாய். தோட்டத்துக்காரர்ட்ட பேசிட்டேன். ரேஷன் கார்டு வரைக்கும் பாத்துட்டேன்." நாய்க்கும் ரேஷன் கார்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

பொய்யோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானபோது குரூப்பில் எல்லாரும் வரிசையாகக் கைகூப்பி ஆழ்ந்த இரங்கல் போட்டுக்கொண்டிருந்தோம். நடுவில் அண்ணாச்சி, 'இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை' என்று எழுதினார். நேராக அந்த வீட்டுக்குப் போனார். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் குனிந்து பார்த்தார். அப்பா மேல் இவ்வளவு பாசமா என்று பிள்ளைகள் உருகிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர் வெளியே வந்து, 'உறுதி. இனி இரங்கல் தெரிவிக்கலாம்' என்று குரூப்பில் போட்டார்.

அவருடைய தீர்ப்பு எப்போதும் சரியாக இருக்கும் என்றும் சொல்லமுடியாது. ஒரு மழைநாளில் பள்ளிக்கூடம் லீவு என்று வந்த செய்தியைப் பொய் என்று அறிவித்துவிட்டார். எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டும் குடையும் பையுமாகப் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு நனைந்து திரும்பினார்கள். தாய்மார்கள் சண்டைக்கு வந்தபோது, "நேர்ல பாத்து உறுதி பண்ணிட்டு வந்துட்டாங்கல்லா, நல்லதுதான?" என்றார். அவர் மனைவியை நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம். மதினிதான் அன்று எல்லாருக்கும் சுக்குக்காபி போட்டுக் கொடுத்துச் சமாதானம் செய்தார்.

இப்படி இருந்த மனிதரை ஒரு மல்லிகைப்பூ கவிழ்த்துவிட்டது.

ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. தபசுக்கு எங்கள் ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நேரத்தில் ஒரு படம் வந்து இறங்கியது. ஒரு பெண்ணின் பின்தலை. ஒரு பக்கம் கருகருவென்று முடி, மறுபக்கம் மொழுமொழுவென்று வழுக்கை. கீழே, 'சங்கரன்கோவில் மல்லிகையில் மருந்து! தலையில் வைத்த பெண்ணின் கதி! தாய்மார்களுக்குப் பகிரவும்.' தாய்மார்கள் பகிர்ந்தார்கள். இரண்டு நாளில் எங்கள் தெருப் பெண்கள் வெறுந்தலையோடு கோவிலுக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா பிளாஸ்டிக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

தெருமுனையில் டீக்கடைக்கு எதிரே பூக்கட்டி விற்கிற செல்விக்குத்தான் அடி விழுந்தது. மார்க்கெட்டில் பூ எடுத்துவந்து கட்டுவாள். சாயங்காலம் அத்தனையும் கூடையில் அப்படியே பழுத்துக் கிடக்கும். ஒருநாள் அண்ணாச்சி வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, தபசுக்கு ஓடுதத வச்சுத்தான் எனக்கு வருசமே ஓடுது. இப்படியே போச்சுன்னா நான் கூடையக் கவுத்திட்டு வேற சோலி பாக்கணும். எவன் கெளப்புனான்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். "அழாத செல்வி. எந்த ஸ்டாப்புல ஏறுனாலும் எறக்கிப்புடுவேன்." சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டார்.

சாகுல் பாய்க்கு அனுப்பியது, சிவகிரியில் செருப்புக்கடை வைத்திருக்கும் அதே மச்சான். அங்கே போனோம். அவர், வாசுதேவநல்லூரில் இருக்கும் ஒரு டீச்சர் அனுப்பினார் என்றார். அங்கே போனோம். டீச்சர், "எங்க அப்பாதான் அனுப்புனாங்க. மேலநீலிதநல்லூர்ல பெட்டிக்கடை வச்சிருக்காங்க" என்றார். மறுநாள் அங்கே போனோம். வழியெல்லாம் அண்ணாச்சி குஷியாக இருந்தார். "ஆளு கிட்டத்துல வந்துட்டான் வே. எனக்கு வாடையே அடிக்குது" என்றார்.

பெட்டிக்கடைக்காரரைக் கண்டதும் அண்ணாச்சியின் நடை கொஞ்சம் தயங்கியது. அவர் ஒரு பழைய கண்டக்டர். ஒருகாலத்தில் டிக்கெட் கொடுக்காமல் ஒரு ஆட்டுக்குட்டியை ஏற்றியதற்காக அண்ணாச்சியால் மேலிடத்துக்கு எழுதிப் போடப்பட்டவர். எங்களுக்குக் கலர் சோடா உடைத்துக் கொடுத்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, நிதானமாகப் போனை எடுத்து நீட்டினார்.

"நல்லாப் பாருங்க அண்ணாச்சி. டிக்கெட் நீங்க கிழிச்சதுதான்."

பார்த்தோம். அனுப்பியவர் செக்கிங் அண்ணாச்சி. கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு நண்பர், "உங்க ஊருப் பூவாமே?" என்று இவருக்கு அனுப்பியிருக்கிறார். இவர் விசாரணையைத் தொடங்குகிறேன் என்று, தமக்குத் தெரிந்த பழைய பஸ்காரர்கள் அத்தனை பேருக்கும் அவர்களுடைய அத்தனை குரூப்புக்கும் அந்தப் படத்தை அனுப்பி, அதன்கீழே தனியாக, 'இது உண்மையா? விசாரித்துச் சொல்லவும்' என்று எழுதியிருக்கிறார். அது விசாரணைதானே என்று, பரப்பியவர்கள் கணக்கில் தம்மைச் சேர்க்கவே இல்லை. படத்தை எல்லாரும் ஏற்றிவிட்டார்கள். கேள்வியை ஒருவரும் ஏற்றவில்லை.

"இது பாதி மொட்டையில எடுத்த படம்லா" என்றார் பழைய கண்டக்டர். "ஓரத்துல சவரக்கத்தி தெரியுது பாருங்க. அன்னைக்கே கவனிச்சேன்."

"கவனிச்சிட்டு எதுக்குவே அனுப்புனீரு?"

"நீங்க அனுப்புனதுல்லா! செக்கிங்கே ஏத்திவிட்ட சரக்க கண்டக்டர் எறக்க முடியுமா? உங்க பேரப் பாத்துத்தான் மகளுக்கு அனுப்புனேன்."

அவர் கேலி பேசவில்லை, உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் அண்ணாச்சியைக் கொன்றுவிட்டது. கலரைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார்.

திரும்பவும் பஸ் ஏறினோம். பாதி வழியில் நிஜமான செக்கிங் ஏறினார்கள். வழக்கமாக அவர்களுக்கே பாடம் எடுப்பவர், அன்று பாஸை இரண்டு கையாலும் நீட்டினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, அதையும் மறைக்கவேண்டியிருந்தது.

"செல்விட்ட எவனோன்னு சொல்லிருவோமா அண்ணாச்சி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சும்மா கெடவே. இன்னொரு பொய்யையும் நானே ஏத்திவிடவா?"

நேராகச் செல்வி கடைக்குப் போய் நின்றார். "கண்டுபிடிச்சிட்டேன் செல்வி. நாந்தான்" என்றார். செல்விக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கூடையை நகர்த்திவிட்டு எழுந்தாள்.

"ஊருல உள்ளவன் கையெல்லாம் செக் பண்ணுதீங்க. உங்க கைய நீங்க செக் பண்ண மாட்டீங்களோ? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே அண்ணாச்சி!"

தெருவே கூடிவிட்டது. அவர் தலையைக் குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டார். அன்றே எல்லாக் குரூப்புக்கும் மறுப்பு எழுதினார். புரளி பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸில் போனால், மறுப்பு டவுன் பஸ்ஸில் அல்லவா போகிறது? படித்தவர்களே கொஞ்சம். படித்த ஒருவரும், 'இதற்கு ஆதாரம் உண்டா?' என்று கேட்டிருந்தார். அவருக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

மறுநாள் சாயங்காலம் அண்ணாச்சி செல்வி கடைக்கு முன்னால் வந்து நின்றார். "பூ குடு."

"எத்தன மொழம்?"

"தல கொள்ளுத மட்டும்."

யார் தலை என்று நாங்கள் முழித்தோம். மதினியின் தலைதான். மதினிக்கு நல்ல அடர்த்தியான, நரைத்த, நீளமான முடி. கல்யாணமான நாளிலிருந்து அண்ணாச்சி ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதாகச் சரித்திரம் கிடையாது. ரோட்டில் நின்று பஸ்ஸை மறிக்கிற வேலை, கையில் பூவோடு நிற்கமுடியுமா என்பாராம். இப்போது பொட்டலத்தை அவிழ்த்ததும் மதினி திகைத்துப்போய், "ஏங்க, யாருக்கு விசேசம்?" என்று கேட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து தினமும் மதினி தலை நிறைய மல்லிகையோடு தெருவில் நடந்தார். பின்னால் சாட்சியைக் கூட்டிப்போகிற மாதிரி அண்ணாச்சி. வழியில் பார்க்கிற பெண்களிடம் எல்லாம், "இழுத்துப் பாருங்க தாயி, நல்லா இழுத்துப் பாருங்க" என்பார். முதலில் கூச்சப்பட்டவர்கள் பிறகு நிஜமாகவே இழுத்துப் பார்த்தார்கள். மதினிக்கு வலித்திருக்கும், முகத்தில் மட்டும் அப்படியொரு சிரிப்பு. டீக்கடை வாசலில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இந்தப் பொரளிய ஒரு முப்பது வருசத்துக்கு முன்னாலயே எவனாவது கெளப்பியிருக்கப்படாதா?"

ஒரு முடிகூட உதிரவில்லை. முதலில் சாகுல் பாய் வீட்டுக்குப் பூ போயிற்று. பிறகு பிளாஸ்டிக் கனகாம்பரம் குப்பைக்குப் போயிற்று. தபசன்று மத்தியானத்துக்குள் செல்வியின் கூடை காலி. இன்னொரு தரம் மார்க்கெட்டுக்கு ஓடினாள். ஓடுகிற அவசரத்திலும், "அண்ணாச்சி, கடையச் செத்த பாத்துக்கிடுங்க" என்று அவரைத்தான் உட்கார வைத்துவிட்டுப் போனாள். அவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

தபசு முடிந்து ஐப்பசி மழையும் வந்துவிட்டது. அந்தப் புரளியை எல்லாரும் மறந்துபோனார்கள். அண்ணாச்சி மட்டும் இன்னும் சாயங்காலம் குடையைப் பிடித்துக்கொண்டு செல்வி கடைக்கு முன்னால் நிற்கிறார். நேற்று கேட்டே விட்டேன்.

"அதான் பொய்யின்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சே அண்ணாச்சி, இன்னும் எதுக்குப் பூ?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டு என் காதருகே வந்தார்.

"உங்க மதினி இப்பல்லாம் நான் வார நேரத்துக்கு வாசல்ல வந்து நிக்கா வே. பூவுக்காண்டி நிக்காளா, எனக்காண்டி நிக்காளான்னு இன்னும் பிடிபடல."

"உள்ள போய்க் கேட்டுரவேண்டியதுதான?"

"கேக்கமாட்டேன்வே" என்றார்.

பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்து, அது நனையாமல் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார். அவருடைய முதுகு முழுக்க நனைந்துகொண்டிருந்தது. இந்த மனுசன் எங்கள் தெருவில் நெடுங்காலம் நன்றாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.