குழாய்க்கு ஆடு கட்டிய ஊர்

நியூ சவுத் வேல்ஸ் மலைமேல் இருக்கும் எங்கள் பெரிடூல் ஊரில் ஜூலைக் குளிர்காலம் வந்தால் குழாய்த் தண்ணீர் உறையும். பிறகு குழாய் வெடிக்கும். இதைக் கண்ணுற்று வேதனையடைந்த நகரசபை, குழாய்களின் நலனுக்கென ஓர் அதிகாரியை நியமித்தது. பெயர் பிரூவிட். கடற்கரை ஊர்ப் பையன். குளிரைப் பற்றி நிறையப் படித்திருந்தார்.

என் பக்கத்து வீட்டு டொரீன் ஹாலிகன் வெளிக்குழாயைச் சுற்றி ஆட்டு ரோமத்தைத் திணித்துச் சாக்கால் கட்டியிருந்தார். முப்பது வருடமாக அந்தக் குழாய் வெடித்ததில்லை. பிரூவிட் வந்து பார்த்தார். கத்தரித்த ரோமம் அங்கீகரிக்கப்பட்ட பொருட்களின் பட்டியலில் இல்லை என்றும், ஏழு நாளில் அகற்றாவிட்டால் தண்ணீரைத் துண்டிக்க நேரிடும் என்றும் வருத்தத்துடன் தெரிவித்தார்.

டொரீனின் கணவர் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். தண்ணீர் இல்லாமல் ஒரு பொழுதுகூட ஓட்ட முடியாது. டொரீன் ரோமத்தை அவிழ்த்தார். உத்தரவை இரண்டு முறை படித்தார். பிறகு குழாயை ஒட்டிச் சின்னப் பட்டி அடித்து, இரண்டு செம்மறிகளைக் கொண்டுவந்து அடைத்தார். அவை குழாயில் சாய்ந்து படுத்து அசைபோட்டன. தண்ணீர் உறையவில்லை.

எட்டாம் நாள் பிரூவிட் வந்தார்.

"என்னம்மா இது?"

"கத்தரிக்காத ரோமம் தம்பி. அது கூடாதுன்னு உங்க காகிதத்துல எங்கயும் இல்ல."

அவர் வெகுநேரம் காகிதத்தைப் புரட்டினார். பிறகு அளவுகோலை எடுத்து ஆட்டின் ரோமத்துக்குள் விட்டார். அறுபது மில்லிமீட்டர். குழாய் உறைக்கு விதி கேட்ட கனம் இருபத்தைந்துதான். ஆடு தேறியது. அதன் காதில் நகரசபை முத்திரை குத்தப்பட்டது.

அடுத்த வாரமே ஊரில் ஆட்டுக்குத் தட்டுப்பாடு. நகரத்திலிருந்து வந்து மலைவீடு கட்டியவர்கள் சுவர் நிறத்துக்குப் பொருத்தமான ஆடு கேட்டார்கள். பல் மருத்துவர் கறுப்பில் ஒன்றும் வெள்ளையில் ஒன்றும் வாங்கி வாசலில் நிறுத்தினார். நானும் ஒன்று வாங்கினேன். குழாயில் நானே ரோமம் சுற்றியிருந்தேன்; ஆனால் தெருவில் எல்லாரிடமும் ஆடு இருக்கும்போது சாக்கு அசிங்கமாகத் தெரிந்தது. பிய்த்துப் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் கடுங்குளிர் வந்தது. ஆடுகளுக்குத் தனித்தனியாக நின்று பழக்கமில்லை. வேலிகளை முட்டித் தள்ளிவிட்டு அத்தனையும் விளையாட்டுத் திடலில் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக்கொண்டன. விடிவதற்குள் நாற்பத்தொரு வீட்டில் குழாய் வெடித்தது. டொரீன் வீட்டிலும்தான். அவர் வாளியோடு ஓடைக்குப் போய்ப் பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் எடுத்து வந்தார்.

விசாரணைக் கூட்டத்துக்கு ஊரே திரண்டது. குழாய்கள் விதிப்படி இருந்தன என்றும், ஆடுகள்தான் கடமை தவறின என்றும் பிரூவிட் அறிக்கை வாசித்தார்.

டொரீன் எழுந்தார். "பழையபடி ரோமத்தச் சுத்திக்கிறோம் தம்பி. விட்ருங்க."

பல் மருத்துவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு செலவு பண்ணி ஆடு வாங்கினதுக்கப்புறம் சாக்கா கட்டச் சொல்றீங்க?"

பலத்த கைதட்டல். டொரீன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஆடுகளுக்கு நிற்கப் பயிற்சி அளிக்க இன்னோர் அதிகாரியை நியமிக்க வேண்டுமென்று தீர்மானம் வந்தது. எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது.

நானும் கை தூக்கினேன். மூன்று நாளாகக் குளிக்காத கை.