பெரிய எழுத்து, பெரிய பூட்டு

"மூணு தடவை தப்பாப் போட்டுட்டீங்க சார். பூட்டிக்கிச்சு" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

ஸ்டோர் பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் மகளுக்கு நாளை மறுநாள் பிரசவத் தேதி, அதுவும் தலைப்பிரசவம். லீவைக் கம்ப்யூட்டரில் பதிந்து மேனேஜர் அனுமதி வாங்க, இன்று ஐந்து மணிதான் கெடு. மணி நாலு பத்து.

எல்லாம் திங்கட்கிழமை வந்த புது உத்தரவால். பாஸ்வேர்டு பன்னிரண்டு இங்கிலீஷ் எழுத்து, அத்தனையும் பெரிய எழுத்து. "சின்ன எழுத்துன்னா திருடன் ஈஸியா நுழைஞ்சிடுவான். பெருசுதான்யா பாதுகாப்பு" என்பது மேனேஜரின் கண்டுபிடிப்பு. கம்ப்யூட்டர்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மேனேஜர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"திறந்து விட்டுட்டேன். புதுசா ஒண்ணு வைங்க சார்."

பொறுப்பாளர் ஒரு விரலால் ஷிப்டை அமுக்கிக்கொண்டு மறு விரலால் எழுத்தைத் தேடினார். "கே... ஏ... எம்..." அகப்பட்டதை வாய்விட்டுச் சொன்னால்தான் அவருக்குக் கை நகரும்.

"காலைத் தூக்குங்க சார்" என்றார் தரை துடைக்கும் அக்கா. தூக்கினார். எண்ணிக்கை தப்பிப்போனது.

"இப்போ எத்தனை போட்டேன்?"

"திரையில வெறும் புள்ளிதான் சார் தெரியுது. எனக்கெப்படித் தெரியும்?" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

எப்படியோ பன்னிரண்டை முடித்து, மறக்காமலிருக்க ஒரு தாளில் எழுதிவைத்தார். கம்ப்யூட்டர்காரர் பாய்ந்து பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்தார்.

"எழுதி வைக்கவே கூடாது சார். ரகசியம்!"

"ஐயோ, நான் இன்னும் மனப்பாடமே பண்ணலையே!"

மூன்று முறை குத்துமதிப்பாக அடித்தார். மறுபடி பூட்டிக்கொண்டது. ஒரே நாளில் இரண்டாவது பூட்டு என்றால் மேனேஜர்தான் திறக்க வேண்டும்.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் அக்கா.

"நீங்க வேறக்கா! இருக்கற இருப்புல..." என்று பொறுப்பாளர் மேனேஜர் அறைக்கு ஓடினார்.

பூட்டைத் திறக்க மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் பாஸ்வேர்டை "பி... ஆர்..." என்று கணீரென்று அடித்தார். நிறுத்தினார். நெற்றியைத் தேய்த்தார்.

"அடுத்தது எஸ்ஸா, டியா?"

"எனக்கு என்னோடதே தெரியல சார்!"

மேனேஜர் எஸ் என்றார், டி என்றார், எல் என்றார். மூன்றாவது முயற்சியில் அவர் திரையும் பூட்டிக்கொண்டது. மணி நாலு ஐம்பத்தெட்டு. ஆஸ்பத்திரியில் மகள் அப்பாவைத் தேடுவதை நினைத்துப் பொறுப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன செய்வது, யாரிடம் போவது என்று ஒன்றும் புரியவில்லை.

கதவருகே மாப்பை ஊன்றி நின்றிருந்த அக்கா தொண்டையைச் செருமினார்.

"அடுத்தது ஓதான் சார். திங்கட்கிழமை ரெண்டு பேரும் பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாக் கத்தி அடிச்சீங்களே, அன்னைக்கு நீங்க சாப்பிடப் போன நேரத்துல ஸ்டோர் சார் லீவை நானே போட்டு, நானே பாஸும் பண்ணிட்டேன். நாளையிலேருந்து பத்து நாள், என்னோட லீவையும் சேர்த்து."