பெரிய மிதவைப் படகா, சின்னதா?

அன்பு மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே தங்கள் அக்காவின் இடுப்பெலும்பு தவிர மற்ற யாவும் நலம். அங்கே எல்லோருடைய எலும்புகளும் நலமென்று நம்புகிறேன்.

நம் இரு குடும்பமும் சேர்ந்து வாங்கவிருக்கும் மிதவைப் படகு விஷயமாக, நேற்று ஏரிக்குப் போய் இரண்டு படகுகளையும் ஓட்டிப் பார்த்தோம். தாங்கள் பெரியதையே விரும்புகிறீர்கள். சிறியதே உகந்தது என்று பணிவுடன் தெரிவிக்கவே இக்கடிதம்.

கீழே விழுந்ததிலிருந்து தங்கள் அக்கா ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெதற்கும் வாசல் தாண்டியதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. நேற்றும் மருமகள் கெஞ்சிக் கூத்தாடித்தான் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தாள். பெரிய படகுக்கு அடியில் மூன்று மிதவைக் குழாய், மேலே கூரை, நம் வீட்டில்கூட இல்லாத சோபா. எல்லாம் சரி, கதவு மட்டும் நாற்காலியைவிடக் கையகலம் குறுகல். "ரெண்டு பேர் தூக்கினா போதும் சார்" என்றார் விற்பனையாளர். நானும் மகனும் தூக்கினோம். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது, அவனுக்குக் கால் வழுக்கியது, தங்கள் அக்கா பாதி படகிலும் பாதி கரையிலுமாகத் தொங்கியபடி, "நான் என்ன மூட்டையா? வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

சின்னப் படகுக்கு முன்பக்கம் நல்லா அகலமான கதவு. நாற்காலி அலுங்காம உருண்டு உள்ளே போயிடுச்சு. நான்தான் ஓட்டினேன். காலமெல்லாம் பஸ் ஓட்டினவனுக்கு இது என்ன பிரமாதம்னு நினைச்சேன், படகுக்கு பிரேக்கே கிடையாதுன்னு கரை கிட்டக்க வந்தப்புறம்தான் சொல்றாங்க, என் கால் வெறும் பலகையைப் போட்டு மிதிமிதின்னு மிதிக்குது, படகு அது பாட்டுக்குப் போகுது, எதிர்ல ஒருத்தர் தூண்டில் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார், ஹாரனைத் தேடினா அதுவும் கைக்குக் கிடைக்கலை, "வண்டி வருது, விலகுங்க!"ன்னு கத்தினேன், அவர் எழுந்து ஓடினதுல அவரோட சாப்பாட்டு டப்பா தண்ணியில விழுந்துடுச்சு, நாங்க நாணலுக்குள்ள போய்ச் செருகி நின்னோம். எல்லாரும் வெலவெலத்துப் போய் இருக்கோம், உங்க அக்கா சிரிக்கிறா! வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை மாசமாச்சு தெரியுமா? ஸ்டியரிங்கை விட்டுட்டு அவளையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

அதனால சின்னதுதான். ஆறு பேர்தான் ஏறலாமாம், நாம எட்டு பேர். பரவாயில்லை, நான் கரையில இருந்துக்கறேன். நீங்களும் இருந்தா பேச்சுத்துணைக்கு ஆச்சு.

தங்கள் துணைவியாருக்கு என் அன்பு. காற்றும் தண்ணீரும் நம் குடும்பத்தோடு என்றும் அனுசரித்துப் போகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் கணவர்

பி.கு.: மேலே எழுதியது எதுவும் செல்லாது. தங்கள் அக்கா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "எல்லாருமாப் போறதுக்குத்தானே படகு? உங்களையும் தம்பியையும் கரையில நிறுத்திட்டு நான் யாரோட சிரிக்கிறதாம்?" என்றவள், அவளே விற்பனையாளருக்குப் போன் போட்டு, பெரிய படகே வேண்டும், ஆனால் கதவை அறுத்து அகலப்படுத்தித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அளவெடுக்க நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னாராம். "நாற்காலி போனா நானும்தானே போகணும்" என்று தலை வாரிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். சட்டைக்குப் பொத்தான் போடக்கூட எனக்கு நேரம் கொடுக்க மாட்டேன் என்கிறாள்.