அமைச்சருக்கு வந்த ஆட்டுக்காது

அன்புள்ள மாப்பிள்ளை எசென்குல் அவர்களுக்கு, மைத்துனன் தோக்தோசுன் சலாம் சொல்லி எழுதுவது. உங்கள் வீட்டு அடுப்பும் தொழுவத்துக் குதிரைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்கட்டும்.

நிற்க. எல்லையை மூடிவிட்டார்கள். இரண்டு நாட்டு ஜனாதிபதிகளுக்கும் ஏதோ மனஸ்தாபமாம். அதற்கு என் மூன்று லாரி ஆப்ரிகாட் பழம் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. போட்ட முதல் மொத்தமும் அதில்தான். "என் சித்தப்பா மகன் மெதெர்பெக் வெளியுறவு அமைச்சரா இருக்கும்போது உங்களுக்கென்ன கவலை, அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அதை நம்பி, ஜனாதிபதி நம் மாவட்டத்துக்கு வந்தபோது நடந்த விருந்துக்குப் போனேன். வெறுங்கையோடு போக முடியுமா, ஒரு கிடாயை ஓட்டிக்கொண்டு போனதில் கூடாரத்தில் வாசலோரமாக இடம் கிடைத்தது. நான் வியாபாரி; ஒருவர் செல்வாக்கைப் பதவியை வைத்து எடை போடமாட்டேன், அவர் தட்டில் எந்த எலும்பு விழுகிறது என்று பார்ப்பேன். இடுப்பெலும்பு உள்துறை அமைச்சருக்குப் போயிற்று. தொடையெலும்பு ஜனாதிபதியின் சம்பந்திக்கு. ஜனாதிபதி முன்னால் ஆட்டுத்தலை வந்தது. அவர் ஒரு காதை அறுத்து, "இந்தா மெதெர், நல்லாக் கேட்டுக்கோ" என்று நம் ஆளிடம் நீட்டினார். மாப்பிள்ளை, காதைச் சின்னப் பிள்ளைகளுக்குத்தானே கொடுப்போம், பெரியவர்கள் சொல்லைக் கேட்கட்டும் என்று? உங்கள் அண்ணனுக்கு அறுபது வயசு. நெஞ்சில் கை வைத்துக் குனிந்து வாங்கித் தின்றாரய்யா! என் பழம் அந்த நிமிஷமே அழுகின மாதிரி இருந்தது.

கை கழுவுகிற இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "என்னங்க இது, வெளிநாட்டுக்காரனெல்லாம் உங்களைக் கண்டா எழுந்து நிக்கிறான், இங்க காதைக் கொடுத்து உக்கார வச்சுட்டாங்களே?"

மனுஷன் கோபப்படவில்லை. "தோக்தோசுன், நான் மாசத்துல பாதி நாள் விமானத்துல. உள்துறை தினமும் ஜனாதிபதியோட காலைத் தேநீர் குடிக்கிறார். கொப்பரைகிட்ட நிக்கிறவனுக்குத்தான்யா கறி. வெளியில நான் பேசினா அவரே பேசின மாதிரி. உள்ள நான் பேசினா யாரோ இருமின மாதிரி."

"அப்ப என் பழம்?"

"பொறு. அந்தப் பக்கத்து அமைச்சரும் காது தின்னவர்தான்."

வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஒருவருக்குச் செல்வாக்கு இருப்பதாக நாலு பேர் நம்பினால் அதுவே பாதிச் செல்வாக்கு. சந்தையில் என் பேர் ஓடுவதும் அப்படித்தானே. இதற்குள் காது தின்ன அமைச்சர்கள் இருவரும் போனில் பேசிக்கொண்டார்கள். நம்மவர் நம் ஜனாதிபதியிடம், "அந்தப் பக்கத்து ஜனாதிபதிதாங்க இறங்கி வர்றார், திறக்கலாமான்னு கேக்கறார்" என்றாராம். அந்தப் பக்கத்தவரும் தம் ஜனாதிபதியிடம் அதே பாட்டு. இருவருக்கும் மனசு குளிர்ந்து, மறுநாளே எல்லை வாசல் திறந்துவிட்டது! இரண்டு லாரி கடந்தாயிற்று, மூன்றாவது வரிசையில் நிற்கிறது. மாப்பிள்ளை, அதிகாரம் இல்லாத இடத்தில் புத்தி எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். இனி உங்கள் அண்ணனை ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லமாட்டேன். அவர் பதவி நூறாண்டு நிலைக்கட்டும், உங்கள் மந்தை பெருகட்டும்.

தங்கள் மைத்துனன்,
தோக்தோசுன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வாசலை மறுபடி சாத்திவிட்டார்கள். ஜனாதிபதிகள் இருவரும் நேரடியாகப் பேசினார்களாம். "பெரிய மனசு பண்ணி நீங்களே முதல்ல கேட்டீங்களே" என்று இவர் பாராட்ட, "நானா? நீங்கதானே கேட்டீங்க!" என்று அவர் சொல்ல, முடிந்தது கதை. உங்கள் அண்ணனைப் பனி உருகாத ஏதோ தேசத்துக்குத் தூதராக அனுப்புகிறார்கள். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். மூன்றாவது லாரி உங்கள் வீட்டுக்கு வருகிறது, கூரை மேல் பரப்பி உலர்த்த வேண்டும். உங்களைக் கேட்டால் இழுப்பீர்கள் என்று என் தங்கையிடமே பேசி முடித்துவிட்டேன்: உலர்த்தும் வேலை உங்களுடையது, உலர்ந்த பழத்தில் ஆளுக்குப் பாதி, நல்ல விலை போகிற கொட்டை முழுவதும் எனக்கு.