நூற்று இருபத்தெட்டு சிவப்புக் கட்டங்கள்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நானும் உன் மாமாவும் சௌக்கியம். நீயும் என் மகனும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். நான் கோபமாக இருப்பதால் அதில் ஒன்றும் குறையாது. நீங்கள் கொண்டுவந்து வைத்த புதுக் கம்ப்யூட்டர் மட்டும் சௌக்கியமாக இல்லை. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ "சரிங்க அத்தை" என்று சொல்லிவிடுகிறாய், அதற்குமேல் எனக்குச் சண்டை வரமாட்டேன் என்கிறது. உன் புருஷனிடம் சொன்னால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா என்கிறான். பதினொரு தடவை பண்ணியாகிவிட்டது. ஆகவே எழுத்தில் கொடுக்கிறேன்.

நீங்கள் காரில் எடுத்துப் போன பழைய கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அது எழுந்திருக்க நேரமாகும், எழுந்தால் முனகும். நானும் அப்படித்தான், என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவீர்களா? அதில்தான் நான் யாரிடமும் போய் நிற்காமல் வீடியோ வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டேன். சீருடை தைக்கும் கூடத்தில் முப்பது வருஷம் துணி வெட்டியவளுக்கு அது பெரிய வித்தை இல்லை. மாமாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது, பயிற்சி தர வந்த அம்மா சொன்னது உனக்கும் நினைவிருக்கும்: தெரிந்த முகமாக இருக்க வேண்டும், வாய் அசைவது கிட்டத்தில் தெரிய வேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது, முதல் வருஷத்தை நழுவவிட்டால் பிறகு கஷ்டம். அதற்காகத்தான் முந்நூற்றுப் பத்துச் சொற்கள் சேர்த்தேன். முதலில் பொருளின் படம், அடியில் கொட்டை எழுத்து, பிறகு நம் வீட்டு ஆள் ஒருவர் அந்தச் சொல்லை மூன்று முறை நிறுத்திச் சொல்வது. ஆபீஸுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து நீ "தலையணை, தலையணை, தலையணை" என்று சொல்லி அனுப்பினாயே, பக்கத்து சீட்காரர் உன்னைப் பார்த்த பார்வையை நான் வெட்டவில்லை. மாமாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த மனுஷன். "பிரேக், பிரேக்" என்று அலறியே ஊரில் பாதிப் பேரை டிரைவராக்கியவர். பேச்சு போய்த் திரும்பி வந்த முதல் சொல்லும் அதுதான். எட்டு மாதத்தில் அதோடு அறுபத்து நான்கு சேர்ந்தன. எல்லாம் ஒற்றை ஒற்றையாகத்தான். இரண்டு சொல் சேர்ந்தாற்போல் வந்ததில்லை.

இப்போது நடந்ததைக் கேள். நீங்கள் கிளம்பிய மறுநாள் காலை இதில் அந்தச் சொல் வீடியோவைத் திறந்தேன். இது பழைய முறையில் செய்த வேலை, புதிய முறைக்கு மாற்றட்டுமா, சம்மதமா என்று கேட்டது. மரியாதையாகக் கேட்கிறதே என்று சம்மதித்தேன். உடனே தமிழ் எழுத்து அத்தனையும் வெறும் பெட்டி பெட்டியாகிவிட்டது, தண்ணீரும் பெட்டி, கண்ணாடியும் பெட்டி. நான் போட்டிருந்த ஃபாண்ட், அந்த எழுத்து வடிவம், இந்தக் கம்ப்யூட்டரில் இல்லையாம். தேடிப் பிடித்துப் போட ஒன்றரை நாள். நிமிர்ந்து பார்த்தால் வீடியோ இருக்க வேண்டிய இடமெல்லாம் சிவப்புக் கட்டம். கிடைக்கவில்லை, எங்கே இருக்கிறதென்று காட்டு என்கிறது. பழையதில் டி டிரைவில் வைத்திருந்தேன், இதில் டி டிரைவே கிடையாது. குடிமாற்றியது நீங்கள், சாமான் எங்கே என்று விசாரணை எனக்கு. ஒவ்வொன்றாக வழிகாட்டிக்கொண்டு வந்தேன், எழுபதாவதில் கழுத்து பிடித்துக்கொண்டது, மீதியை நானே தேடிக்கொள்ளட்டுமா என்று அது கேட்டது, சரி தொலை என்று அமுக்கிவிட்டேன். அங்கேதான் வினை. உன் போனும் உன் புருஷன் போனும் ஒரே மாதிரி, இரண்டும் வீடியோவுக்கு ஒரே நம்பரைத்தான் பேராக வைக்கிறதாம். பேர் பொருந்தினால் போதும் என்று இது ஆளை மாற்றி உட்கார வைத்துவிட்டது. ஸ்பூன் படம் வருகிறது, பின்னாலேயே நீ வந்து "குடை, குடை, குடை" என்கிறாய். நான் அடுப்படியில் இருந்தேன், கவனிக்கவில்லை. இரண்டு நாள் அப்படியே ஓடியிருக்கிறது.

மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர் "குடை" என்றார். வெளியே சுள்ளென்று வெயில். என்ன கேட்கிறாரோ என்று குடையை எடுத்து வந்து விரித்தே காட்டினேன். நல்ல கையால் தலையில் அடித்துக்கொண்டு, ஸ்பூனைக் காட்டி, பொறுமையாக, எனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டதுபோல மறுபடி "குடை" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தனக்கு வந்த சொற்களில் எது சரி எது தப்பு என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. சக்கர நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நாலு நாளாக வாயே திறக்கவில்லை, "பிரேக்" கூட இல்லை. நாற்பத்தோரு வருஷமாக அவர் பேச்சுக்கு நடுவே இடம் பிடித்துப் பேசிப் பழகியவள் நான். இப்போது இடம் பூராவும் எனக்குத்தான், பேச ஒன்றும் தோன்றமாட்டேன் என்கிறது.

மாறி உட்கார்ந்ததையெல்லாம் எழுப்பி அதனதன் இடத்தில் வைத்துவிட்டேன். நூற்று எண்பத்திரண்டு தேறியது. மீதி நூற்று இருபத்தெட்டு சிவப்பாகவே நிற்கிறது, அந்த வீடியோக்கள் இந்தக் கம்ப்யூட்டரிலேயே இல்லை. பெரும்பாலும் நீ சொன்ன சொற்கள். ஆக, நீங்கள் அவசரத்தில் அரைகுறையாக நகலெடுத்திருக்கிறீர்கள். ஒரு கை வைக்காத சட்டையை முழுச் சட்டை என்று எங்கள் கூடத்தில் கொடுத்தால் முகத்திலேயே எறிவார்கள். பழைய கம்ப்யூட்டர் வீடு திரும்ப வேண்டும், புதியதை நீங்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டும், தவறு எங்களுடையது என்று என் மகன் தன் கைப்பட ஒரு வரி எழுதித் தர வேண்டும். இதில் நான் ஒரு நூல்கூட இறங்கி வரமாட்டேன்.

கோபம் கம்ப்யூட்டரோடு சரி. நேரத்துக்குச் சாப்பிடு, பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்காதே. நீங்கள் இரண்டு பேரும் உடம்பும் மனசும் நோகாமல் ரொம்ப நாள் இருக்க வேண்டும் என்று மாமாவும் வாழ்த்துகிறார். அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
நியாயம் கேட்கும் உன் அத்தை

பி.கு.: எழுதி முடித்ததை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன், வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்கட்டுமே என்று. சுவரைப் பார்த்தபடியே கடைசிவரை கேட்டவர் நாற்காலியைத் திருப்பினார். "பொய்" என்றார். நான் சேர்த்து வைத்த சொற்களில் அது கிடையாது. எது பொய் என்றேன். வாயைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துவிட்டு, "நீதான் ஒயரு புடுங்குன" என்றார். மூன்று சொல், ஒரே மூச்சில்.

வாஸ்தவம்தான். நகலெடுக்கப் போட்டுவிட்டு நீங்கள் கடைக்குப் போன நேரத்தில் நகலெடுக்க நீங்கள் ஒயரில் மாட்டியிருந்த சின்ன டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தேன், இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. சுடுகிற சாமானை ஆளில்லாத அறையில் விட்டுவிட்டு நகர்ந்து எனக்குப் பழக்கமில்லை. கதவருகே நாற்காலியில் மாமா பார்த்துக்கொண்டிருக்கவே பிடுங்கிவிட்டேன். திரும்பி வந்து நீ "முடிஞ்சிடுச்சா அத்தை?" என்று கேட்டபோது முடிஞ்சது என்றேன். மேலே கேட்ட மூன்றையும் அடித்துவிடு, பழையதில் இருக்கும் மீதி வீடியோவை மட்டும் அனுப்பு. என் மகன் எழுதித் தர வேண்டாம். நான் எழுதித் தருவேன் என்றும் எதிர்பார்க்காதே.

மாமா சொன்ன அந்த மூன்று சொல்லையும் நாலு தடவை திரும்பச் சொல்ல வைத்தேன். நாலாவது தடவை என்னை நோக்கி விரலை நீட்டியே சொன்னார். கடிதம் கிடைத்ததும் அவரைப் போனில் கூப்பிடு. என் மேல் வேறென்ன புகார் என்று கேள். எட்டு மாதமாகச் சேர்த்து வைத்திருப்பார், அவசரப்படுத்தாதே.